எட்டு மாடியும் ஒரு மனுவும்

பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்கில் லிஃப்ட் நின்றுபோனால், பெரும்பாலானவர்களுக்கு அது மூச்சு வாங்கும் விஷயம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறிவிடுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அன்றைய நாள் அங்கேயே முடிந்தது. மேலே இருந்தால் மேலே, கீழே இருந்தால் கீழே. டயாலிசிஸுக்குப் போகவேண்டிய நாளாக இருக்கலாம். பிள்ளையின் பள்ளியில் கையெழுத்துப் போடவேண்டிய நாளாக இருக்கலாம். இறங்கியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பேர் தூக்கவேண்டும். வளர்ந்த ஒரு மனிதர் தன்னைத் தூக்கிப்போக ஆள் தேடும்படி விடுவதைப்போல அவரைக் கூனிக்குறுக வைப்பது வேறொன்றும் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு விளிம்பில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தெற்கே இருக்கிறது இந்தக் குடியிருப்பு. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டியது. தரைத்தளத்தையும் சேர்த்து எட்டு அடுக்கு. எல்லா பிளாக்குகளிலுமாக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும், 2019 கடைசியில் கூவம் ஓரத்து சத்தியவாணிமுத்து நகரிலிருந்தும் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. அங்கே குடிசை ஒழுகியது, வெள்ளம் வந்தது, உண்மைதான். ஆனால் வாசல் தரையோடு தரையாக இருந்தது. போலியோவில் கால் சூம்பிப்போனவர்கூட கையை ஊன்றி நகர்ந்து தெருவுக்கு வந்துவிடுவார். தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை வைத்து நாலு காசு பார்ப்பார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அக்கம்பக்கம் இருந்தது. ஆறாவது மாடியில் காங்கிரீட் கூரை கிடைத்தது. அந்த வாசலும் வருமானமும் அக்கம்பக்கமும் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டன.

இங்கேதான் அந்த மனு பிறக்கிறது. "ஐயா, எனக்கு ரெண்டு காலும் வராது. கீழ் வீடு ஒண்ணு மாத்திக் குடுங்க" என்பதுதான் பெரும்பாலும் மனுவின் சாரம். வேறு வகை மனுக்களும் உண்டு. கழிவறைக் கதவை அகலமாக்கித் தரவேண்டும். உட்காரும் கோப்பை வைத்துத் தரவேண்டும். சுவரில் பிடிமானக் கம்பி வேண்டும். காது கேளாத தம்பதி அழைப்பு மணிக்குப் பதிலாக எரியும் விளக்கு கேட்கலாம். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மகனோடு இருக்கும் தாய், தன் அக்கா வீடு இருக்கும் பிளாக்கிலேயே இடம் கேட்கலாம். அவர் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த அக்காவை விட்டால் ஆள் இல்லை. அதிகாரியின் கண்ணுக்கு இது வசதி கேட்பதாகத் தெரியும். கேட்கிறவருக்கு, அந்த வீட்டில் வாழ முடியுமா முடியாதா என்பதே இதில் இருக்கிறது.

மனு எங்கே போகிறது? திங்கள்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால், எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அங்கிருந்து அது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்பப்படலாம். வீடு அவர்கள் கையில் இல்லை என்பதால் வாரியத்துக்கு மாற்றப்படும். வாரியத்தில் எஸ்டேட் அலுவலகம் ஒதுக்கீட்டைப் பார்க்கிறது, பொறியாளர் பிரிவு கட்டடத்தைப் பார்க்கிறது, சமுதாய வளர்ச்சிப் பிரிவு மக்களைப் பார்க்கிறது. ஒரே மனுவில் கீழ் வீடும் பிடிமானக் கம்பியும் கேட்டிருந்தால் அது இரண்டு மேசைக்குப் போகவேண்டும். கடைசியில் வரும் பதிலில் நம் அரசு அலுவலகங்களுக்கெல்லாம் பழகிய ஒரு வரி இருக்கும்: "காலியிடம் ஏற்படும்போது பரிசீலிக்கப்படும்." இந்த வரிக்குத் தேதி கிடையாது. வரிசையில் மனுதாரர் எத்தனையாவது ஆள் என்பதும் அதில் இருக்காது. மறுத்தார்களா, ஏற்றார்களா என்றுகூடச் சொல்லமுடியாது. மறுத்திருந்தால் மேல்முறையீடாவது செய்யலாம்.

மனம் உள்ள அதிகாரிகள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் வந்து நின்றால், எழுந்து வந்து கேட்டு, அன்றைக்கே போன் போட்டு வீடு மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களை வணங்கவேண்டும். ஆனால் அப்படி ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவர் எப்படி இருப்பார் என்று எந்த மனுதாரருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் எந்த மாடியில் வாழ்கிறது என்பதை நாற்காலியில் இருப்பவரின் நல்ல மனது தீர்மானிக்கக்கூடாது என்பதே என் கட்சி.

குலுக்கலுக்கு முன் ஒரு கேள்வி

"கீழ் வீடு காலி இல்லை" என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு அடுக்கு என்றால் தரைத்தளத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வீடுகள். மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டு ஒதுக்கீட்டில் சட்டம் சொல்லும் பங்கு 5 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு 1.6 பேர். குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தால் நூறு குடும்பத்தில் ஆறு, ஏழு குடும்பங்களில் ஒருவர் இருப்பார். தரைத்தளத்தில் பம்பு அறை, அங்கன்வாடி என்று சில இடங்கள் போனாலும், முதியவர்களையும் சேர்த்தே பார்த்தாலும், அவசரத் தேவை உள்ளவர்களுக்குக் கீழே இடம் கிடைக்காத கணக்கு இது இல்லை.

அப்படியானால் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது? கேள்வியைக் காலம் தாழ்த்திக் கேட்பதிலிருந்து. ஆற்றங்கரையில் குடும்பங்களைக் கணக்கெடுக்கும்போதே, 'வீட்டில் நடக்க முடியாதவர், பார்வை இல்லாதவர், காது கேளாதவர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது உண்டா, அவருக்கு வீட்டில் என்ன வேண்டும்' என்று கேட்டு எழுதிக்கொண்டால், அவர்களுக்கு வீடு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குலுக்கலில் விடலாம். அதைக் கேட்காமல் குலுக்கிவிட்டால், கீழ் வீடு இரண்டு கால் நன்றாக இருப்பவருக்கு விழும். அவர் அதில் இட்லிக் கடை போடுவார், பெட்டிக்கடை வைப்பார். பிழைப்பு கெடும் என்று மாற மறுப்பார். அவர் மேலும் தப்பில்லை. முதல் நாளில் ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கவேண்டியது, பிறகு இரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு நடுவே சண்டையாக நிற்கிறது.

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் வழிகாட்டி நெறிமுறையிலேயே, மாற்றுத்திறனாளியோ முதியவரோ உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளங்களில் முன்னுரிமை தரலாம் என்று இருக்கிறது. 'தரலாம்' என்பது 'தரவேண்டும்' ஆகாதவரை அது அந்தந்த அலுவலகத்தின் விருப்பம்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வீடு வாங்கியபோது நன்றாக இருந்தவர்கள். ஐந்தாண்டு கழித்துப் பக்கவாதம் வந்தவர், சர்க்கரை முற்றிக் காலை எடுத்தவர், ஓ.எம்.ஆர். சாலையில் விபத்தில் முதுகெலும்பு உடைந்த டெலிவரிப் பையன். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் வாழும் குடியிருப்பில் இவர்கள் ஆண்டுதோறும் கூடுவார்கள். இவர்களுக்காகக் காலியாகும் ஒவ்வொரு கீழ் வீட்டையும் தனிப் பட்டியலில் வைத்து, வரிசை எண்ணோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதி மனக்கசப்பு தீரும்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 37-வது பிரிவுதான் அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்கிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. இதற்கு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்ற மருத்துவச் சான்று தேவை. அலுவலகங்களில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது இந்த 40 சதவீதம்தான். 35 சதவீதச் சான்றோடு வருகிறவரை, 'உங்களுக்கு இது பொருந்தாது' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அது சட்டத்தின் பாதி மட்டுமே. 3-வது பிரிவின் 5-வது உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ற பொருத்தமான மாற்றங்களைச் செய்துதர அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. இதற்கு 40 சதவீத வரம்பு இல்லை. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மட்டுமே அரசு விலகிக்கொள்ள முடியும். ஒரு பிடிமானக் கம்பியோ, ஒரு வீட்டு மாற்றமோ அளவுக்கு மீறிய சுமை என்று எந்த அலுவலகமும் எழுதிக் கையெழுத்துப் போடாது என்று நம்புகிறேன். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. எழுதும்போது கை விறைத்துப்போகும் இளைஞர் ஒருவர் குடிமைப்பணித் தேர்வுக்குச் சொல்வதெழுதுபவர் கேட்ட வழக்கு அது. 40 சதவீதம் இல்லை என்பதற்காக உதவியை மறுக்கமுடியாது என்பது தீர்ப்பு. தேர்வு அறைக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

சட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டினால் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவேண்டும் என்று 23-வது பிரிவு கெடு வைத்திருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. 'பரிசீலிக்கப்படும்' என்ற வரி தழைத்து நிற்பது இந்த ஓட்டையில்தான். தமிழ்நாடு அரசு ஓர் அரசாணையில் இதை அடைத்துவிடலாம்: மனு வந்த 30 நாளில் எழுத்தில் முடிவு, மறுத்தால் காரணம், ஏற்றால் தேதி. புதுச் சட்டமே தேவையில்லை.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பூட்டையும் உடைத்தது. கட்டடங்களின் அணுகல்தன்மைக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் உருவாக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

முப்பதடி சாய்தளம்

பெரும்பாக்கத்திலிருந்து கிழக்கே வந்து ஈ.சி.ஆர். பிடித்துத் தெற்கே இறங்கினால் கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடற்கரை ஊர்கள். இங்கே மாடிப் பிரச்சினை கிடையாது, பிரச்சினை அடித்தளத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கடற்கரையில் வீட்டைத் தாழ்வாகக் கட்ட யாருக்கும் துணிவு வராது. தண்ணீர் வந்தால் உள்ளே புகக்கூடாது என்று மேடை எழுப்பிக் கட்டுவார்கள். மேடை ஏறினால் படியும் ஏறும்.

இரண்டரை அடி உயர மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி பிறர் தள்ளாமல் ஏறவேண்டும் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது விதி. ஆக முப்பதடி. மூன்று படியை உடைத்துச் சிமெண்டைச் சரித்துப் பூசி, 'ராம்ப் போட்டாச்சு' என்று கணக்கில் ஏற்றினால், அதில் இறங்கும் நாற்காலி தெருவில் போய்த்தான் நிற்கும். குறுகிய மனையில் முப்பதடியை நேராகப் போடமுடியாது. பக்கச் சுவரை ஒட்டி மடக்கிக் கொண்டுவரவேண்டும். அதற்கு வீடு கட்டும் முன்பே மனையில் நாலடி அகலம் ஒதுக்கியிருக்கவேண்டும். கட்டி முடித்த வீட்டில் இதைச் செய்ய முடியாமல் போவதற்குப் பணத்தைவிட இடம்தான் காரணம்.

கழிவறையைச் சொல்லாமல் விடமுடியாது. அரசு வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு மூலையில், இரண்டரை அடிக் கதவோடு, தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புத் திண்டோடு இருக்கும். நாற்காலி உரசாமல் நுழைய மூன்றடித் திறப்பு வேண்டும். திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். இரண்டும் இல்லாததால் நாற்காலியை வெளியே விட்டுவிட்டு, கையை ஊன்றி, ஈரத் தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பெண்கள் பலர் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் அங்கிருந்து தொடங்குகின்றன. வீட்டுவசதித் துறை ஒரு கதவில் மிச்சம்பிடித்த அரை அடிக்கு, மருத்துவத் துறை ஆண்டுக்கணக்கில் செலவழிக்கிறது.

இந்த மாவட்டத்தில் வீடுகள் இன்னும் கட்டப்படப்போகின்றன என்பதுதான் நல்ல செய்தி. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2021 தீபாவளி அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட அரசு இலக்கு வைத்திருக்கிறது. 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். இந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளி குடும்பத்துக்கென ஒரு மாற்று வரைபடம் வேண்டும். மூன்றடிக் கதவும், திண்டில்லாத கழிவறையும், சாய்தளத்துக்கான நிலமும், அதற்கான கூடுதல் தொகையும் அதில் இருக்கவேண்டும். முதலிலேயே கட்டும்போது ஆகும் செலவு, பிறகு இடித்துக் கட்டுவதில் ஒரு சிறு பகுதிதான்.

யாருக்குத் தேவை என்று தெரியாதே என்று சொல்லவும் முடியாது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்கவேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 8-வது பிரிவு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரம் அருகில்தான். புயலுக்கு முந்தைய நாள் யாரை எந்த வீட்டிலிருந்து தூக்கிவரவேண்டும் என்று தெரிந்த அரசுக்கு, எந்த வீட்டில் சாய்தளம் இல்லை என்பதும் தெரிந்தாகவேண்டும். அதே புயலில் இன்னொன்றையும் பார்த்தோம். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக நவம்பர் கடைசியில் திறந்த மரப்பாதை, இரண்டு வாரத்துக்குள் அலையில் சேதமடைந்து, பிறகு சரிசெய்யப்பட்டது. திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தைப்போலவே பழுதுபார்ப்புக்கும் பணம் வேண்டும். பெரும்பாக்கத்து லிஃப்டுக்கும் அதே பேச்சுதான்.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு இடம் கொடுப்பதில் செங்கல்பட்டுக்கு நூறாண்டு அனுபவம் உண்டு. திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. பரனூரில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அரசின் மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. விரல் மழுங்கியவர்களை ஊர் ஒதுக்கித் தள்ளிய காலத்தில் அந்த இடங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்தன. ஆனாலும் அவை ஊருக்கு வெளியே கட்டப்பட்டவை. அடுக்குமாடிகளில் மாற்றுத்திறனாளிகளையெல்லாம் ஒரே பிளாக்கின் கீழ்த்தளத்தில் சேர்த்துவிட்டால் போதும் என்று சில நேரம் யோசனை சொல்கிறார்கள். வேலை சுலபமாகும் என்பது உண்மை. பரனூர் நினைவிருக்கும் மாவட்டம் அந்த வழியில் திரும்பப் போகக்கூடாது.

நம் சொந்தக்காரர்கள் நிறையப்பேர் இருக்கும் சிங்கப்பூரில், அடுக்குமாடி லிஃப்ட் ஒரு காலத்தில் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் இறங்கிப் படியேறவேண்டும். 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில், பழைய கட்டடங்களில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்க வழி செய்தார்கள். பிறகு முதியவர்கள் வீட்டில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, வாசல் சாய்தளம் பொருத்தச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றது. இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்க மானியம் கேட்டு விண்ணப்பித்தால் உள்ளாட்சி மன்றம் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் குறைபாடு கண்ணுக்குத் தெரியும்போது, சான்று கொண்டுவா என்று வீட்டுவசதி அலுவலகம் அலைக்கழிக்கக்கூடாது. இவர்கள் பணக்கார நாடுகள் என்பார்கள். கெடு வைப்பதற்கும் அலைக்கழிக்காமல் இருப்பதற்கும் பணம் தேவைப்படுவதில்லை.

ஆள்பலமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'தமிழ்நாடு உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் வந்திருக்கின்றன. அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாரியத்தின் உதவிப் பொறியாளரோடு போய் ஒரு வீட்டை அரை மணி நேரம் பார்த்தால், எந்த உயரத்தில் கம்பி, எந்தப் பக்கம் கதவு என்று அங்கேயே சொல்லிவிடுவார். 2025-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமர வழி பிறந்திருக்கிறது. வீட்டு மனுக்களின் நிலவரத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது அவர்களின் முதல் வேலையாக இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். மனுவில் 'கருணை கூர்ந்து' என்று எழுதாதீர்கள். இப்போதைய வீட்டில் எது முடியவில்லை, என்ன மாற்றம் வேண்டும் என்பதை எழுதி, '2016 சட்டத்தின் பிரிவு 3(5), பிரிவு 37-ன் கீழ் கேட்கிறேன், 30 நாளில் எழுத்துமூலம் பதில் வேண்டும்' என்று முடியுங்கள். ஒப்புகைச் சீட்டையும் ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அந்த நகலை அனுப்புங்கள். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துப் பதில் சொல்லவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதற்கும் மேலே போகவேண்டி வந்தால், செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு அங்கே வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது.